பழவேற்காட்டுக் கழியில் ஒரு கட்டளைக் கலித்துறை: எழுத்தெண்ணிப் பாட்டுக் கட்டும் முறை

எழுத்தை எண்ணிப் பாட்டெழுதுவது என்றதும் இன்று பலருக்கு நினைவுக்கு வருவது ஜப்பானிய ஹைக்கூவும் அதன் 5-7-5 கணக்கும்தான். 1916இல் பாரதியே சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதினார். ஆனால் இந்தப் பழக்கம் நமக்கு வெளியிலிருந்து வந்ததன்று. தொல்காப்பியச் செய்யுளியல் அடிகளையே எழுத்தெண்ணி வகுத்திருக்கிறது. 4 முதல் 6 எழுத்து வரை குறளடி, 7 முதல் 9 வரை சிந்தடி, 10 முதல் 14 வரை நேரடி, 15 முதல் 17 வரை நெடிலடி, 18 முதல் 20 வரை கழிநெடிலடி. அந்த மரபு இன்றும் உயிரோடு இருக்கும் இடம் கட்டளைக் கலித்துறை. நான்கே அடி. அடிக்கு ஐந்து சீர். நேரசையில் தொடங்கினால் 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17. ஒன்று கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

இதைக் கேட்டதும் பலர் பயந்து ஒதுங்குகிறார்கள். விரலை மடக்கி எண்ணிக்கொண்டே எழுதினால் கவிதை எங்கே வரும் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அதற்கு என் பதில் இதுதான்: எண்ணி எழுத வேண்டியதில்லை, எழுதிவிட்டு எண்ணினால் போதும். சீரும் சீரும் சரியாகப் பொருந்தினால் எழுத்துக் கணக்கு தானே வந்து நிற்கும். கணக்கு தப்பினால் எங்கோ பொருத்தம் தப்பியிருக்கிறது என்று பொருள். இந்த ஒன்று மனத்தில் பதிந்துவிட்டால் கட்டளைக் கலித்துறை யாருக்கும் கைவரும்.

இதை விளக்க ஓர் ஊர் வேண்டும். வெறும் காற்றில் பாட்டுக் கட்ட முடியாது. சென்னைக்கு வடக்கே, திருவள்ளூர் மாவட்டத்தின் கரையோரத்தில் இருக்கும் பழவேற்காட்டை எடுத்துக்கொள்கிறேன். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடி இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்கிறது, தென்முனை நம்முடையது. ஒருபுறம் கடல், நடுவே ஸ்ரீஹரிகோட்டாத் தீவு, தெற்கே வந்து கலக்கும் ஆரணி ஆறு, கரையெங்கும் மீனவக் குப்பங்கள். இந்த ஊரைப் பற்றி ஒரு முழுப் பாட்டை உங்கள் கண்முன்னேயே கட்டிக் காட்டுகிறேன்.

1. எண்ணத் தகுந்தது எது?

முதல் விதி எளிது. புள்ளி வைத்த எழுத்தை எண்ணக் கூடாது. ஆய்தத்தையும் விட்டுவிட வேண்டும். உயிரும் உயிர்மெய்யும் மட்டுமே கணக்கில் சேரும். குறிலும் ஒன்றுதான், நெடிலும் ஒன்றுதான். ஜப்பானியர் கணக்கு இதற்கு நேர்மாறு: அங்கே நெடில் இரண்டாகும், சொல்லின் இறுதியில் ஒலிக்கும் மெல்லினத்துக்கும் தனி எண் உண்டு. ஆகவே ஹைக்கூவின் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவந்து பொருத்திப் பார்க்க வேண்டாம்.

ஏரிக்கரைச் சொற்களை வைத்தே பழகலாம். இறால்: 2. நண்டு: 2. கச்சான்: 2. மடவை: 3. பூநாரை: 3. முகத்துவாரம்: 5. பழவேற்காடு: 5. ஒரு நோட்டில் இப்படி ஒரு பக்கம் எழுதுங்கள். பென்சிலால் புள்ளி எழுத்துகளை அடித்துவிட்டு மிச்சத்தை எண்ணுங்கள். சில நாளில் எழுதாமலே, சொல்லைக் கேட்டதும் எண் மனத்தில் தோன்றும்.

2. சொல்லின் நடையைப் பிரித்தல்

இறாலும் நண்டும் இரண்டிரண்டு எழுத்துத்தான். ஆனால் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். 'இறால்' ஒரே வீச்சில் முடிகிறது. 'நண்டு' இரண்டு அடி வைத்து நடக்கிறது. அசை என்பது இந்த வேறுபாடுதான்.

தனிக் குறில், தனி நெடில், அவற்றோடு ஒற்றுச் சேர்ந்தவை: இவை நேரசை. இரு குறில், குறிலும் நெடிலும், அவற்றோடு ஒற்றுச் சேர்ந்தவை: இவை நிரையசை. நேரில் எண்ணத்தக்க எழுத்து ஒன்று, நிரையில் இரண்டு. இதை மட்டும் மறக்காதீர்கள். பின்னால் முழுக் கணக்கும் இதன்மேல்தான் நிற்கப்போகிறது.

அசை சேர்ந்தால் சீர். நேர் நேர் தேமா. நிரை நேர் புளிமா. நேர் நிரை கூவிளம். நிரை நிரை கருவிளம். இவற்றின் பின்னால் இன்னொரு நேர் வந்தால் தேமாங்காய், புளிமாங்காய், கூவிளங்காய், கருவிளங்காய். கட்டளைக் கலித்துறைக்கு இந்த எட்டே போதும்.

இப்போது ஏரிச் சொற்களைத் திரும்பப் பாருங்கள். வாடை, கொண்டல், கச்சான் ஆகிய காற்றுகள் மூன்றும் தேமா. மடவை புளிமா. கழிமுகம் கருவிளம். பூநாரை தேமாங்காய். முகத்துவாரம் கருவிளங்காய். இறால் ஓரசைதான், தனியே ஒரு சீராக நிற்காது, 'இறாலும்', 'இறாலுடன்' என்று துணை சேர்த்தாக வேண்டும்.

3. பொருத்தமும் அதிலிருந்து வரும் கணக்கும்

ஒரு சீரின் முடிவும் அடுத்த சீரின் தொடக்கமும் பொருந்துவது தளை. இங்கே வேண்டியது வெண்டளை. அதற்கு விதி மூன்று. மாச்சீருக்குப் பின் நிரை வர வேண்டும். விளச்சீருக்குப் பின் நேர். காய்ச்சீருக்குப் பின்னும் நேர். இதோடு இன்னும் ஒரு கட்டுப்பாடு: ஐந்தாம் சீர் கூவிளங்காயாகவோ கருவிளங்காயாகவோ இருக்க வேண்டும், முதல் நான்கு சீர்களில் அந்த இரண்டும் வரக் கூடாது.

இந்த விதிகளை யாரோ தோன்றியபடி எழுதிவைக்கவில்லை. கொஞ்சம் பொறுமையாகக் கணக்குப் போட்டுப் பார்த்தால் வியப்பாக இருக்கும். மாச்சீர் நேரில் முடிகிறது, அடுத்தது நிரையில் தொடங்குகிறது: ஒன்றும் இரண்டும் மூன்று. விளச்சீர் நிரையில் முடிகிறது, அடுத்தது நேரில் தொடங்குகிறது: இரண்டும் ஒன்றும் மூன்று. மாங்காய்ச்சீரின் கடைசி இரண்டு நேரும் அடுத்த சீரின் முதல் நேரும் சேர்ந்தால் மறுபடியும் மூன்று. எந்த வழியில் போனாலும் ஒரு சந்திப்புக்கு மூன்று எழுத்து. ஐந்து சீருக்கு நடுவே நான்கு சந்திப்பு: 12. கடைசி விளங்காய்ச்சீரில் முதல் அசை போக மிஞ்சும் நிரையும் நேரும்: 3. ஆக 15. இதோடு அடியின் முதல் அசையைக் கூட்டுங்கள். நேர் என்றால் 16, நிரை என்றால் 17.

நடுவில் விளங்காய் ஏன் கூடாது என்பதும் இப்போது விளங்கிவிடும். அதன் கடைசி நிரையும் நேரும், பின்னால் வரும் நேரும் கூடினால் 4 ஆகிவிடும்; அடி வழிந்துவிடும். விதியை மனப்பாடம் செய்தவர் மறக்கலாம். இந்தக் கணக்கை ஒருமுறை தாமே போட்டுப் பார்த்தவர் மறக்க மாட்டார்.

4. பெரியவர்களிடம் பாடம் கேட்டல்

இலக்கணம் தெரிந்தால் தவறில்லாமல் எழுதலாம். நன்றாக எழுத, நன்றாக எழுதியவர்களோடு பழக வேண்டும். உ.வே.சாமிநாதையர் இளமையில் செங்கணம் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக்காரிகை என்னும் யாப்பு நூலைப் படித்தார். பிறகு 1871இல் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்து, தொடக்கத்திலேயே அந்தாதிகளாகப் பாடம் கேட்டார். அந்தாதிகளில் பெரும்பாலானவை கட்டளைக் கலித்துறையால் ஆனவை. ஒரே வடிவம் நூற்றுக்கணக்கில் காதில் விழுந்தால் அதன் நடை உடம்பில் ஊறிவிடும் என்பது பழைய ஆசிரியர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்று அப்படி ஓர் ஆசிரியர் நமக்குக் கிடைக்காவிட்டாலும் நூல்கள் கிடைக்கின்றன.

யாரிடம் எதைக் கற்பது? மாணிக்கவாசகரின் திருக்கோவையார் 400 பாட்டும் இந்த யாப்புத்தான். ஒரு பாட்டுக்கு ஒரு துறை. ஒருவர் ஒருவரிடம் ஒரு நேரத்தில் சொல்லும் ஒரு பேச்சு. பாட்டுக்குள் எதை நுழைப்பது என்பதைவிட எதை வெளியே நிறுத்துவது என்பதை அவரிடம் கற்கலாம். அருணகிரிநாதரின் கந்தரலங்காரத்தில் ஓசையைக் கவனியுங்கள். வல்லினத்தையும் மெல்லினத்தையும் அவர் எப்படி எதிரெதிரே நிறுத்துகிறார் என்று காதால் படியுங்கள். திருக்கடவூர் அபிராமி பட்டரின் அந்தாதியில், ஒரு பாட்டின் முடிவு அடுத்ததற்குத் தொடக்கமாகும் நெசவைப் பாருங்கள். பட்டினத்தாரிடம் பேச்சுமொழியின் நெருக்கம் உண்டு. தெருவில் சொல்வதுபோலவே சொல்லிவிட்டு, கணக்கும் பிசகாமல் போய்விடுவார். அவர் அடங்கியதாகச் சொல்லப்படும் திருவொற்றியூர் பழவேற்காட்டுக்குத் தெற்கே இதே கடற்கரையில்தான் இருக்கிறது. ஐயம் வந்தால் அமிதசாகரரின் யாப்பருங்கலக்காரிகையையும் அதற்குக் குணசாகரர் எழுதிய உரையையும் புரட்டுங்கள். யாப்பிலக்கணத்தையே கட்டளைக் கலித்துறையில் எழுதியவர் அமிதசாகரர்; விதியும் அங்கே, அதற்கு எடுத்துக்காட்டும் அங்கேயே.

எப்படிக் கற்பது என்பதற்கு நான்கு பயிற்சிகள் சொல்கிறேன்.

ஒன்று, ஒரு பாட்டைக் கையால் படியெடுத்துச் சீர் பிரித்து, ஒவ்வொரு சந்திப்பின் மேலும் 3 என்று எழுதிப் பாருங்கள். சீர் பிரித்து அச்சிட்ட பதிப்பையே இதற்கு எடுங்கள். எளிதாகப் படிப்பதற்காகச் சந்தி பிரித்த பதிப்பில் எழுத்துக் கூடிவிடும். கணக்குத் தப்பியது கவிஞரால் என்று தவறாக நினைத்துவிடுவோம்.

இரண்டு, அந்தப் பாட்டை நான்கு வரி உரைநடையாக எழுதி, மறுநாள் அந்த உரைநடையை மட்டும் வைத்துக்கொண்டு பாட்டாக்கிப் பாருங்கள். மூலத்தோடு ஒப்பிடும்போது, நீங்கள் எந்த இடத்தில் சீரை நிரப்ப மட்டும் அடைசல் சொல் போட்டீர்கள், அவர் அதே இடத்தில் என்ன போட்டார் என்பது பளிச்சென்று தெரியும்.

மூன்று, ஒவ்வோர் அடியிலும் ஐந்தாம் சீரைக் கையால் மறைத்துக்கொண்டு அந்த இடத்தை நீங்களே ஒரு விளங்காயால் நிரப்புங்கள். இந்த யாப்பில் மிகக் கடினமான இடம் அதுதான். தேர்ச்சி இல்லாதவர் அங்கே ஏதாவது போட்டு மூடிவிடுவார். தேர்ந்தவர் அடியின் கனமான சொல்லை அங்கே வைத்திருப்பார்.

நான்கு, வாய்விட்டுப் படியுங்கள். கண் பொறுத்துக்கொள்ளும் தவறைக் காது பொறுக்காது.

ஒரே ஓர் எச்சரிக்கை. அவர்களிடம் கைத்திறனைக் கற்க வேண்டும். சொற்றொடரை எடுத்து வரக் கூடாது. பட்டரின் சொல் பட்டருக்கே. நம் சொல் நம் கரையில் கிடைக்கும்.

5. கரையில் சொல் சேர்த்தல்

பழவேற்காட்டுக்கு முதல்முறை வருபவர் பார்ப்பதெல்லாம் 1613இல் டச்சுக்காரர் கட்டிய கெல்திரியாக் கோட்டையின் மிச்சமும், அவர்களுடைய கல்லறைகளும், பனிக்காலத்தில் வந்திறங்கும் பூநாரைகளும்தான். அவை அழகானவை. ஆனால் அவற்றை மட்டும் வைத்து எழுதினால் எந்தச் சுற்றுலாப் பயணியும் எழுதக்கூடிய பாட்டுத்தான் வரும். கரையில் உட்கார வேண்டும். வலை பிரிப்பவர்கள் பக்கத்தில், மீன் ஏலம் விடும் இடத்தில், சும்மா இருந்து காது கொடுக்க வேண்டும்.

எப்போது வலையை எடுப்பீர்கள் என்று ஒரு பெரியவரைக் கேட்டால் இப்படிப் பதில் வரும்: "தண்ணி வத்தட்டும் தம்பி, அப்பதான் எறா எறங்கும்."

இந்த ஒரு வாக்கியத்தில் பெரிய செய்தி இருக்கிறது. இறால் கடலில் முட்டையிடும். அதன் குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து, இந்த உவர்நீரில் தின்று வளர்ந்து, கடலுக்குத் திரும்பும். ஓதம் வற்றும்போது அவை நீரோடு இறங்கும். முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோனால் வரவும் வழியில்லை, போகவும் வழியில்லை. ஏரியை நம்பிய குப்பங்கள் அத்தனைக்கும் கை முடங்கிவிடும். 'வற்ற', 'இறங்கும்' என்ற இரண்டு வினைகளில் இவ்வளவும் அடங்கிக் கிடக்கிறது. 'கரையில் அலைகள் கவிதை பாட' என்று நாற்காலியில் உட்கார்ந்து யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். 'வற்ற' என்ற வினை கரைக்குப் போனால்தான் கிடைக்கும்.

சேர்த்த சொற்களை அவை நிற்கக்கூடிய இடத்தின்படி மூன்றாகப் பிரித்து வையுங்கள். முதல் நான்கு சீரில் நிற்பவை: வாடை, நண்டும், பூநாரை போன்றவை. அடியின் இறுதியில் மட்டும் நிற்பவை: முகத்துவாரம் போன்ற விளங்காய்கள். உடைத்தால் மட்டுமே நிற்பவை: பழவேற்காடு. இந்த ஊர்ப் பெயரில் நான்கு அசை. ஒரு சீருக்குள் அடங்காது. 'பழவேற் காடு' என்று இரண்டாகப் பிரித்தால் மாவுக்குப் பின் நேர் வந்து தளை கெடும். 'பழவேற்கா டென்னும்' என்று வைத்தால் புளிமாங்காய்க்குப் பின் நேர், சரியாகப் பொருந்திவிடும்.

ஒரு சொல் பொருந்தவில்லை என்றால் சொல்லைச் சிதைக்காதீர்கள், இடத்தை மாற்றுங்கள். 'முகத்துவாரம்' அடி நடுவில் வராது என்பதற்காக அதைத் தூக்கிவிட்டு 'வாயில்' என்று எழுதினால், ஏரிக்காரர்கள் அந்தப் பாட்டைத் தங்களுடையதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

6. கருத்தை முதலில் உரைநடையில் நிறுத்துதல்

இனி நம் பாட்டு. பழவேற்காட்டில் தலைமுறை தலைமுறையாக இருந்துவரும் ஓர் ஏற்பாட்டுக்குப் 'பாடு' என்று பெயர். ஏரியில் வலை கட்டும் நல்ல இடங்களுக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் முண்டியடிக்காமல், உரிமையுள்ளவர்கள் சீட்டுப் போட்டு முறைவைத்துக் கொள்கிறார்கள். இன்று வளமான இடம் ஒருவருக்கு என்றால் முறை மாறும்போது அது இன்னொருவருக்குப் போகும். யாரும் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தராத நீதி இது. பாட்டாக்கத் தகுந்த பொருள் என்று எனக்குப் படுகிறது.

திருக்கோவையாரில் கற்றதை இங்கே பயன்படுத்த வேண்டும்: யார், யாரிடம், எப்போது? ஏரிக்குப் போன மகனை நினைத்துத் தாய் ஒருத்தி விடியற்காலையில் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வதாக வைப்போம். அவள் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: 'வாடைக்காற்று அடிக்கும் இந்நேரம், சீட்டு விழுந்த இடத்தில் வலையை விரித்திருப்பான். தண்ணீர் வற்றினால் இறாலும் நண்டும் இறங்கும். நாளைக்கு அதே இடம் மற்றவர்களுக்கும் கிடைக்கும்.' நான்கு செய்தி, நான்கு அடி. இதற்குமேல் ஒன்றையும் நுழைக்க முயலாதீர்கள்.

7. எதுகையை முடிவு செய்தல்

நான்கு அடியிலும் இரண்டாம் எழுத்து ஒன்றி வர வேண்டும். ஊர்ப் பெயரில் தொடங்கினால் 'ப'வுக்குப் பின் 'ழ'. ஆகவே ழகர எதுகைச் சொற்களை முன்கூட்டியே ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: எழு, விழு, கழி, வழி, பழுது, முழு, நிழல், தொழில். இவற்றில் நம் கருத்தோடு ஒட்டுவது எது? சீட்டு விழும்: 'விழு'. ஓதம் எழும்: 'எழு'. நீதி பழுதில்லாதது: 'பழுது'. கருத்தை இழுத்து எதுகையில் கட்டக் கூடாது. கருத்துக்குள் ஏற்கெனவே இருக்கும் எதுகையைத் தேடி எடுக்க வேண்டும். நான்கும் குறிலில் தொடங்கும் நிரை என்பதால் அடிக்கு 17 எழுத்து.

மோனைக்கு, முதல் சீரின் முதல் எழுத்து ஐந்தாம் சீரிலும் ஒலித்தால் அடி இறுகி நிற்கும்.

8. அடிகளைக் கட்டுதல்

முதல் அடி: 'பழவேற்கா டென்னும் கழியினில் வாடை படர்பொழுதில்'. புளிமாங்காய், தேமா, கருவிளம், தேமா, கருவிளங்காய். 17. 'பழவேற்காடு என்னும்' என்று சந்தி பிரித்து எழுதினால் 18 ஆகிவிடும் என்பதைக் கவனியுங்கள்.

இரண்டாம் அடி: 'விழுஞ்சீட்டு காட்டும் இடத்தில் வலையை விரித்திருப்பான்'. மகனைக் கண்ணால் காணாத தாயின் ஊகம் 'விரித்திருப்பான்' என்ற வினையில் வந்துவிடுகிறது. அது கருவிளங்காயாகவும் அமைந்து அடியின் இறுதியில் நிற்கிறது. மறைத்து நிரப்பும் பயிற்சி இங்கேதான் கைகொடுக்கும்.

மூன்றாம் அடியை முதலில் இப்படி வைத்துப் பாருங்கள்: 'எழுமோதம் வற்ற இறாலும் நண்டும் இறங்கிவரும்'. காதுக்கு ஏறத்தாழச் சரி. எண்ணினால் 16. ஓர் எழுத்துக் குறைகிறது. எங்கே? சந்திப்புகளை ஒவ்வொன்றாகத் தொடுங்கள். 'எழுமோதம்' காய், பின்னால் நேர்: சரி. 'வற்ற' மா, பின்னால் நிரை: சரி. 'இறாலும்' மா, பின்னால் 'நண்' நேர்: இதோ இங்கேதான் பொருத்தம் விட்டிருக்கிறது. மூன்று இருக்க வேண்டிய இடத்தில் இரண்டே எழுத்து. 'இறாலும்' என்பதை 'இறாலுடன்' என்று மாற்றினால் புளிமா கருவிளமாகிறது. நிரையின் பின் நேர் வந்து மூன்று நிறைகிறது. 'எழுமோதம் வற்ற இறாலுடன் நண்டும் இறங்கிவரும்': 17. எண்ணிக்கை தவற்றைக் காட்டிக்கொடுத்தது. தளை அது இருந்த இடத்தைக் காட்டியது. கட்டளைக் கலித்துறையைத் திருத்தும் முறை முழுவதும் இவ்வளவுதான்.

நான்காம் அடி ஏகாரத்தில் முடிய வேண்டும். 'பழுதின்றி நாளை பிறர்க்கும் அதேயிடம் பங்கெனவே' என்று ஒரு வடிவம் வரும். எழுத்து 17, தளையும் சரி. ஆனாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். 'எனவே' எந்த வினையையும் பற்றாமல் அந்தரத்தில் தொங்குகிறது. ஏகாரம் வேண்டும் என்பதற்காக மட்டும் ஒட்டியிருக்கிறது. 'பங்கிடுமே' என்று மாற்றினால் அதே கூவிளங்காய், அதே நான்கு எழுத்து. இப்போது இடம் தானே முன்வந்து மீனைப் பங்கிட்டுத் தருகிறது. கணக்குச் சரியாக இருப்பது குறைந்தபட்சத் தேவை. பொருள் நிமிர்ந்து நிற்கும்வரை வேலை முடியவில்லை.

முழுப் பாட்டு:

பழவேற்கா டென்னும் கழியினில் வாடை படர்பொழுதில்
விழுஞ்சீட்டு காட்டும் இடத்தில் வலையை விரித்திருப்பான்
எழுமோதம் வற்ற இறாலுடன் நண்டும் இறங்கிவரும்
பழுதின்றி நாளை பிறர்க்கும் அதேயிடம் பங்கிடுமே

9. சோதித்தல்

மூன்று சோதனை வையுங்கள். முதலாவது எழுத்துச் சோதனை: அடிக்கு 17, நான்கு அடியிலும். இரண்டாவது அடைசல் சோதனை: ஒவ்வொரு சொல்லையும் எடுத்துவிட்டுப் படித்து, பொருள் குறைகிறதா என்று பாருங்கள். 'நல்ல', 'அந்த', 'தான்', 'அதுவே' போன்ற சொற்கள் சீரை நிரப்ப வந்து ஒட்டிக்கொள்ளும். அவற்றை இரக்கமில்லாமல் நீக்குங்கள். மூன்றாவது வாய்ச் சோதனை: பாட்டை உரக்கப் படிக்கும்போது ஐந்தாம் சீரில் குரல் தானாக இறங்கி ஓய வேண்டும். அங்கே மூச்சு முட்டினால் விளங்காயில் ஏதோ தவறு இருக்கிறது.

10. உரியவர்கள் முன் படித்தல்

நான்காவது சோதனையும் உண்டு, அதுவே பெரியது. பாட்டைக் குப்பத்தில் படித்துக் காட்டுங்கள். யாப்பு அவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. வாடையில் வலை கட்டுவார்களா, வற்றில் நண்டு இறங்குமா, சீட்டு 'விழும்' என்று சொல்வார்களா என்பதை அவர்களைவிடச் சரியாகச் சொல்ல யாரால் முடியும்? திருத்தம் சொன்னால் கேட்டுக்கொண்டு, அடியை மறுபடி அவிழ்த்துக் கட்டுங்கள். யாப்புக்காக உண்மையை விட்டுக்கொடுத்த பாட்டு நிலைக்காது.

நம் நான்காம் அடியிலேயே இப்படி ஒரு கேள்வி இருக்கிறது. 'பிறர்க்கும்' என்று தாய் சொல்கிறாள். எந்தப் பிறர்? 'பாடு' உரிமை கரையோரத்தில் எல்லாருக்கும் உரியதன்று. குறிப்பிட்ட சில குப்பங்களின் பட்டியலில் உள்ளவர்களுக்கே சீட்டு. பட்டியலுக்கு வெளியே நிற்பவர்கள் இருக்கிறார்கள். வலையும் படகும் இல்லாமல், இடுப்பளவு நீரில் இறங்கி, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கும் பெண்கள் இருக்கிறார்கள்; இருளர் பெண்களும் அவர்களில் உண்டு. அந்தத் தாயின் வாயில் 'பிறர்' என்பது அவள் அறிந்த வட்டம். அதை நான் மாற்றவில்லை. அது அவள் குரல். ஆனால் அந்த வட்டத்துக்கு வெளியே நிற்பவளுக்கும் ஒரு பாட்டு வேண்டும். ஒரே பாட்டில் எல்லா நியாயத்தையும் அடைக்க முடியாது.

இதற்குத்தான் பட்டரிடம் கற்ற அந்தாதி. நம் பாட்டு 'பங்கிடுமே' என்று முடிந்தது. அடுத்தது 'பங்கிடும்' என்று தொடங்கட்டும். 'பங்' நேரசை என்பதால் இம்முறை அடிக்கு 16 எழுத்து. எதுகை ஙகர ஒற்று. எங்கும், தங்கும், இங்கே என்று வரிசை தானே நீளும். பேசுபவள் நீரில் நின்று கையால் இறால் தேடும் பெண். தொடக்கத்தை நானே வைக்கிறேன்: 'பங்கிடும் நீரில்'. கூவிளம், தேமா, 5 எழுத்து ஆயிற்று. அடுத்த சீர் நிரையில் தொடங்க வேண்டும். மீதி மூன்று சீரும் 11 எழுத்தும் உங்களுடையவை. எழுதும் முன் ஒருமுறை பழவேற்காட்டுக்குப் போய், அந்தப் பெண்களிடம் நீரின் ஆழத்துக்கும் சேற்றுக்கும் அவர்கள் என்ன பெயர் சொல்கிறார்கள் என்று கேட்டு வாருங்கள்.